இந்தியக் குடும்பத்தின் முதல் கார்

இந்தியாவில் ‘முதல் கார்’ என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. ஒருவர் தம் சம்பாத்தியத்தில் வாங்கிய முதல் கார் ஒன்று. அவர் பிறந்து வளர்ந்த வீட்டு வாசலில் முதன்முதலாக வந்து நின்ற கார் இன்னொன்று. 1990களுக்கு முன் வளர்ந்தவர்களின் பேச்சில் அதிகம் வருவது இரண்டாவதுதான். அப்பாவின் ஃபியட், தாத்தாவின் அம்பாசடர், டாக்டர் மாமாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று அந்தக் கார்களுக்கு ஓர் உறவுமுறை அடைமொழியாக ஒட்டிக்கொண்டே வரும். கடன் வாங்கிக் கார் வாங்கியவர் சொன்னதைவிட, பின் இருக்கையில் ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்ட பிள்ளைகள் சொன்னதே நமக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது. இந்த நாட்டில் கார் யாருக்கு, எப்படி, எந்த வயதில் கிடைத்தது என்று பார்த்தால் இதற்கான காரணம் பிடிபடும்.

பிளஷர் காலம்

சென்னை மாகாணத்தில் கார் முதலில் துரைமார் பொருள். மெட்ராஸ் நகரின் பழைய பதிவு வரிசையில் எம்.சி. 1 என்ற எண் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்குக்கு உரியது. துறைமுகக் கழகத்தின் தலைவராக இருந்த பொறியாளர் அவர். கணித மேதை ராமானுஜன் அங்கே எழுத்தராக வேலை பார்த்தது இவருக்குக் கீழேதான். எம்.சி. 3 கட்டட ஒப்பந்ததாரர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியாருடையது. உயர்நீதிமன்றம், கன்னிமாரா நூலகம் போன்ற செங்கல் மாளிகைகளை எழுப்பியவர். நகரில் கார் வைத்திருந்த முதல் இந்தியர் என்று அவரைக் குறிப்பிடுவது வழக்கம். அடுத்து வந்தவர்கள் ஜமீன்தார்கள், மிராசுதார்கள், பெரிய வக்கீல்கள், பஞ்சாலை அதிபர்கள். இவர்களில் பலர் தாமே ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை. அதற்கு டிரைவர் இருந்தார்.

கிராமத்தார் அந்த வண்டியைப் ‘பிளஷர்’ என்றார்கள். லாரியைப் போலச் சரக்கும் பஸ்ஸைப் போலக் கூலிச் சவாரியும் ஏற்றாமல், சொந்தக்காரரின் சுகத்துக்காக மட்டும் ஓடிய வண்டிக்கு அந்தப் பெயர் பொருந்தியது. பிற்காலத்தில் தமிழில் ஆக்கிய ‘மகிழுந்து’ என்ற சொல்லிலும் அதே மகிழ்ச்சிதான் இருக்கிறது. காரோடு வந்த வேறு சில சொற்கள், அவை பிறந்த நாட்டில் வழக்கொழிந்த பிறகும் இங்கே உயிரோடு இருக்கின்றன. மாற்றுச் சக்கரத்தை நாம் ‘ஸ்டெப்னி’ என்கிறோம். வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரத்தின் ஸ்டெப்னி தெருவில் 1904-இல் உதிரிச் சக்கரம் செய்து விற்கத் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் அது. சாமான் வைக்கும் ‘டிக்கி’, பழைய கார்களின் பின்புறத்தில் மடக்கித் திறக்கும் வெளி இருக்கையின் பெயர்.

வரிசையில் நின்ற ஆண்டுகள்

விடுதலைக்குப் பின் காரின் கதை அரசாணைகளின் கதையாகிறது. முழுதாகச் செய்த கார்களை இறக்குமதி செய்வதற்கு 1949-இல் தடை வந்தது. உள்நாட்டில் உதிரிபாகங்களைப் படிப்படியாகத் தயாரிக்கும் திட்டம் உள்ளவர்களுக்கு மட்டுமே இடம் என்று 1953-இல் சுங்கவரி ஆணையம் பரிந்துரைத்தது. பெட்டியில் வந்த பாகங்களைப் பூட்டி விற்றுக்கொண்டிருந்த ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ஆகிய இரண்டும் அடுத்த ஆண்டே கடையைக் கட்டின. மிஞ்சியவை மூன்று. கல்கத்தாவுக்கு அருகில் உத்தர்பாராவில் பிர்லாக்களின் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லாவில் வால்சந்த் ஹிராசந்த் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார். முதலாவது அம்பாசடரையும் இரண்டாவது ஃபியட்டையும் மூன்றாவது ஹெரால்டையும் தந்தன. ஒரு தலைமுறைக்கு இந்தியாவில் கார் என்றால் இவைதான்.

எத்தனை கார் செய்யலாம் என்பதை உரிமம் தீர்மானித்தது. என்ன விலைக்கு விற்கலாம் என்பதை அரசு தீர்மானித்தது. யாருக்கு விற்கலாம் என்பதற்கும் விதி இருந்தது. 1959-இல் வந்த கார் விநியோக, விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, புதுக் கார் வாங்கியவர் இரண்டு ஆண்டுகளுக்குள் அனுமதியின்றி அதை விற்க முடியாது. அந்த ஆணைக்குக் காரணம் இருந்தது: விலை செயற்கையாகக் குறைவாகவும் வரத்து அதைவிடக் குறைவாகவும் இருந்ததால், ஷோரூமிலிருந்து வெளியே வந்த நிமிடமே காரின் மதிப்பு ஏறியது. புதியதைவிடப் பழையதற்கு விலை கூடுதல் என்ற வினோதம் இப்படித்தான் நடந்தது. அதிகாரிகளுக்கும் டாக்டர்களுக்கும் தனி ஒதுக்கீடு என்பதால், ஒதுக்கீட்டில் வாங்கி விதித்த காலம் முடிந்ததும் கைமாற்றுவது ஒரு மரியாதையான பக்க வருமானமாகவே இருந்தது. 1980-இல்கூட நாடு முழுவதும் தயாரான கார்கள் ஏறத்தாழ 30,000 மட்டுமே. பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது அன்றைய குடும்பங்களுக்கு அதிசயமாகப் படவில்லை. தொலைபேசிக்கும் எரிவாயு இணைப்புக்கும் ஸ்கூட்டருக்கும் அதே வரிசைதான்.

அந்தக் காலத்தின் முதல் கார் நினைவுகளில் நாடறிந்தது ஒரு பிரதமருடையது. லால் பகதூர் சாஸ்திரி 1964-இல் பிரதமரானபோது அவருக்குச் சொந்தக் கார் கிடையாது. பிரதமர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கார் இல்லையா என்று குடும்பத்தார் நச்சரிக்க, ஃபியட் ஒன்றின் விலையை விசாரித்தார். 12,000 ரூபாய். வங்கியில் அவர் கணக்கில் இருந்தது 7,000. மீதி 5,000 ரூபாய்க்குப் பஞ்சாப் தேசிய வங்கியில் கடன் கேட்டார், உடனே கிடைத்தது. சாதாரண மக்களுக்கும் இதே வேகத்தில் கடன் கிடைக்க வேண்டும் என்று வங்கிக்காரர்களிடம் அவர் சொன்னதாக மகன் அனில் சாஸ்திரி நினைவுகூர்ந்திருக்கிறார். 1966 ஜனவரியில் சாஸ்திரி தாஷ்கண்டில் இறந்தபோது கடன் தீரவில்லை. மனைவி லலிதா சாஸ்திரி தமக்கு வந்த ஓய்வூதியத்திலிருந்து அதை அடைத்தார். அந்த வெளிர்நிற ஃபியட் இன்றும் டெல்லியில் சாஸ்திரி நினைவகத்தில் நிற்கிறது. இந்தக் கதையை நமக்குச் சொன்னவர் காரை வாங்கியவர் அல்லர், அதில் ஏறிப்போன மகன் என்பது கவனத்துக்குரியது. காத்திருப்பு, கடன், குடும்பத்தின் ஆசை, அப்பாவின் தயக்கம் என்று அந்தத் தலைமுறையின் முதல் கார் நினைவுகள் அத்தனையிலும் உள்ள சரக்கு இந்தக் கதையில் அப்படியே இருக்கிறது. பிரதமர் என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டால், வாகன முன்பணம் வாங்கிய எந்தத் தாலுகா அலுவலக அதிகாரியின் வீட்டிலும் நடந்திருக்கக்கூடியதுதான்.

எந்திரம் கற்றுக்கொடுத்தவை

அன்றைய கார்கள் உரிமையாளரைச் சும்மா உட்காரவிடாதவை. அம்பாசடர் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மறுபிறவி, 1489 சி.சி. எஞ்சின், சோபா போன்ற நீள முன்னிருக்கை, ஸ்டீயரிங் தண்டில் கியர். ஃபியட்டுக்கு 1089 சி.சி.; அதற்கும் கியர் ஸ்டீயரிங்கிலேயே. 1970களில் அதற்குச் சித்தூர் ராணியின் பெயரைச் சூட்டிப் பத்மினி ஆக்கினார்கள். பிறகும் ஊரார் ஃபியட் என்றேதான் சொன்னார்கள். வண்டலூர் ஹெரால்டு மூன்றிலும் சிறியது, 948 சி.சி. அதன் பானட் தனியாகத் திறக்காது. மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்த முன்பகுதி முழுவதுமே முதலை வாய்போல் முன்பக்கமாகக் கவிழும். டயர்மேல் உட்கார்ந்தபடி எஞ்சினைப் பார்க்கலாம் என்பதால் மெக்கானிக்குகளுக்கு அது பிடித்தமான வண்டி. ஆங்கில மூலத்தில் இரண்டே கதவுகள். பாட்டியும் பேரப்பிள்ளைகளுமாக ஏறும் இந்தியக் குடும்பத்துக்காகப் பிற்பாடு இங்கே நான்கு கதவு வைத்துச் செய்தார்கள். குடும்பத்துக்காக ஆங்கிலக் காரின் உடலையே மாற்றியது சென்னைதான். அந்த நிறுவனம் 1985-இல் ரோவர் காரின் உடலுக்குள் பழைய இரண்டு லிட்டர் எஞ்சினை வைத்து ‘ஸ்டாண்டர்டு 2000’ என்று விலையுயர்ந்த கார் ஒன்றைக் கொண்டுவந்தது. பெட்ரோல் குடித்த அந்தக் கார் சில ஆண்டுகளில் நின்றுபோனது. நிறுவனமும் அதோடு முடிந்தது.

காலையில் சோக்கை இழுத்து, ஆக்சிலரேட்டரை அளவோடு மிதித்துக் கிளப்புவதற்கு ஒவ்வொரு காருக்கும் ஒரு கைப்பக்குவம் உண்டு. கூடுதலாக மிதித்தால் பிளக் நனைந்து ‘ஓவர்ஃப்ளோ’ ஆகும். பேட்டரி இறங்கினால் இரண்டாம் கியரில் போட்டுக் கிளட்சை மிதித்துக்கொள்ள, வீட்டார் இறங்கித் தள்ளுவார்கள். வேகம் வந்ததும் கிளட்சை விட்டால் சக்கரம் எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும். மழையில் டிஸ்டிரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் புகுந்தால் துணியால் துடைக்க வேண்டும். ஏற்காடு, கொடைக்கானல் மலைப்பாதைகளில் கார் நிற்பதற்கு வேறு காரணம். பெட்ரோலை இழுத்துத் தள்ளும் பம்ப் எஞ்சினை ஒட்டியே பொருத்தப்பட்டிருந்தது. கோடையில், முதல் கியரில் நெடுநேரம் ஏறும்போது அந்தச் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். திரவத்தைத் தள்ளவே செய்த பம்ப் ஆவியைத் தள்ளாது. எனவே கொண்டையூசி வளைவில் வண்டியை ஓரங்கட்டி, பம்பின்மேல் ஈரத்துணி போட்டு, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக் காத்திருப்பார்கள். அந்த அரை மணி நேரத்தில் சாப்பாட்டுத் தூக்கு திறக்கும். உல்லாசப் பயணத்தில் எந்த ஊரைப் பார்த்தார்கள் என்பது மறந்தும், வண்டி எந்த வளைவில் நின்றது, என்ன சாப்பிட்டார்கள் என்பது மறக்காமலும் இருப்பது இதனால்தான்.

இத்தகைய கார் தெருவின் பொதுச்சொத்துபோல இருந்தது. பிரசவ வலி கண்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நள்ளிரவில் கதவைத் தட்டுவார்கள். கல்யாணமென்றால் மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு வாரம் முன்பே சொல்லிவைப்பார்கள். ஆயுத பூசையன்று சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் நசுக்குவது வீட்டுப் பண்டிகைகளில் ஒன்றானது. சென்னை பல்லவன் சாலையில் பாடிகார்டு முனீஸ்வரர் கோயிலுக்குப் புது வண்டியை ஓட்டிவந்து பூசை போடும் வழக்கம் இன்றும் குறையவில்லை. பதிவு எண்ணும் காரின் பெயராகவே ஆனது. எம்.ஜி.ஆரின் அம்பாசடர் என்று சொல்லத் தேவையில்லாமல், ‘டி.எம்.எக்ஸ். 4777’ என்றாலே ஒரு தலைமுறை புரிந்துகொண்டது. தியாகராய நகர் நினைவு இல்லத்தில் அந்தக் கார் இருக்கிறது.

யாருக்கு நினைவிருக்கிறது

தம் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும் முதியவர்களுக்கு, ஏறத்தாழ 10 முதல் 30 வயதுக்குள் நடந்தவை மற்றப் பருவங்களைக் காட்டிலும் அதிகமாக நினைவுக்கு வருகின்றன. 1980களிலிருந்து உளவியலாளர்கள் பல நாடுகளில் மீண்டும் மீண்டும் கண்டது இது. முதன்முறை நேரும் அனுபவங்கள் அந்தப் பருவத்தில் குவிந்திருப்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. மேலைநாடுகளில் முதல் கார் இந்த வயதுக்குள் வந்துவிடும். பதினெட்டு, இருபது வயதில் பழைய கார் ஒன்றை வாங்கி, வீட்டைவிட்டுத் தனியே புறப்படுவதுதான் அங்கே எழுதப்படும் முதல் கார் கதை. அதில் கார் என்பது விடுதலையின் சின்னம். அப்பாவிடமிருந்து தப்பிக்கும் வழி.

இந்தியாவில் அப்படியில்லை. சம்பளக்காரர் சேமித்து, முன்பணம் வாங்கி, வரிசையில் நின்று கார் பெறும்போது பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியிருப்பார். அவருக்கு அது பொறுப்புகளில் இன்னொன்று: தவணை, பெட்ரோல், இன்சூரன்ஸ், டயர். ஆனால் அதே கார் வந்தபோது பிள்ளைகளுக்கு வயது எட்டோ பன்னிரண்டோ. நினைவு செழித்துப் பதியும் பருவத்தின் வாசலில் அவர்கள் நின்றார்கள். ரெக்சின் சீட் வெயிலில் தொடையைச் சுட்டது, பெட்ரோல் வாசனையில் குமட்டியது, முன்னால் அப்பாவின் பிடரியையும் அம்மாவின் பூவையும் பார்த்துக்கொண்டு போனது எல்லாம் அவர்களிடம் தங்கிவிட்டன. அங்கே கார் வீட்டைவிட்டு வெளியேறும் வழி. இங்கே கார் சக்கரம் வைத்த வீடு. ஓட்டிய பெரியவரிடம் எஞ்சிய நினைவு வேறு வகையானது, அது கையிலும் காலிலும் இருப்பது. ஸ்டீயரிங் கியருக்குப் பழகிய கை, தரைக் கியர் உள்ள காரிலும் சில மாதம் காற்றில் துழாவும். சொல்லத் தெரியாத அந்த நினைவு கதையாகப் பிறருக்குப் போவதில்லை.

பெண்கள் சொன்ன கதை குறைவு என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். காரின் ஆர்.சி. புத்தகத்தில் கணவர் பெயர், ஸ்டீயரிங்கில் கணவரோ டிரைவரோ. காருக்காகக் கழற்றிக்கொடுத்த வளையலின் கணக்கு எந்த ஆவணத்திலும் இல்லை.

எண்ணூறு

இந்த ஒழுங்கைக் கலைத்தது மாருதி. மக்களுக்கான மலிவுக் கார் என்று 1971-இல் பிரதமர் இந்திரா காந்தியின் மகன் சஞ்சய் காந்தி தொடங்கிய மாருதி லிமிடெட் விற்பனைக்குரிய ஒரு காரையும் தராமல் 1970களின் இறுதியில் மூடப்பட்டது. 1980 ஜூனில் அவர் விமான விபத்தில் இறந்தார். 1981 பிப்ரவரியில் அரசு நிறுவனமாக மாருதி உத்யோக் பிறந்தது. 1982 அக்டோபரில் ஜப்பானின் சுசுகி 26 சதவீதப் பங்கோடு சேர்ந்தது. 1983-இல் பதிவு தொடங்கியபோது 10,000 ரூபாய் முன்பணம் கட்டி, ஒன்றேகால் லட்சத்துக்கும் அதிகமானோர் வரிசையில் நின்றார்கள். ஒரு காரைக்கூடக் கண்ணால் பார்க்காத மக்கள் இப்படிப் பணம் கட்டியதற்கு ஜப்பான் மீதிருந்த மதிப்பும், முப்பது ஆண்டாகப் பார்த்த அதே மூன்று முகங்களின்மேல் ஏற்பட்ட சலிப்பும் சம அளவில் காரணம்.

சஞ்சயின் பிறந்த நாளான டிசம்பர் 14 அன்று, குலுக்கலில் தேர்வான டெல்லிக்காரர் ஒருவரிடம் பிரதமர் இந்திரா காந்தி முதல் காரின் சாவியைக் கொடுத்தார். அதை வாங்குவதற்காக அந்த டெல்லிக்காரர் தம் ஃபியட்டை விற்றிருந்தார். 2010-இல் அவர் இறக்கும்வரை அந்தக் கார் அவரிடமே இருந்தது. பிறகு வீட்டு வாசலில் துருப்பிடித்து நின்றதை நிறுவனம் எடுத்துப் புதுப்பித்துத் தன் தலைமை அலுவலகத்தில் வைத்திருக்கிறது.

அந்தக் கார்தான் மாருதி 800, பேச்சுவழக்கில் எண்ணூறு: 796 சி.சி., மூன்று சிலிண்டர், முன்சக்கர இயக்கம், 650 கிலோ அளவில் எடை. அம்பாசடரின் பாதியைக் கொஞ்சம் தாண்டும். சாவியைத் திருகினால் கிளம்பியது. கொண்டையூசி வளைவில் நிற்கவில்லை. தள்ளுவதும் துடைப்பதும் போனதும் மெக்கானிக்கோடு இருந்த குடும்ப உறவும் போயிற்று. கார் ஓட்டுவது லேசானதால் டிரைவர் வைக்கத் தேவையில்லாமல் போனது. பெண்கள் பெரிய எண்ணிக்கையில் ஸ்டீயரிங் முன் உட்கார்ந்தது இந்தக் காரில்தான். எண்ணூறு நினைவுகளில் முன் இருக்கையிலிருந்து சொல்லப்படும் கதைகள் அதிகம் என்பதற்கு இதுவே விளக்கம்.

1993-இல் கார் தயாரிப்புக்கு உரிமம் வாங்கும் கட்டாயம் நீங்கியது. வங்கிகள் வாசல்தேடி வந்து கடன் கொடுத்தன. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது. மறைமலை நகரில் ஃபோர்டு திரும்பி வந்து கார் செய்தது. வரிசை மறைந்தது. வேலைக்குச் சேர்ந்த சில ஆண்டுகளில், முப்பது வயதுக்குள் கார் வாங்குவது நகரங்களில் சாதாரணமானது. மாதத் தவணை என்ற சொல் ஆங்கில எழுத்துச் சுருக்கமாகவே வீட்டுப் பேச்சில் நுழைந்தது. ஓட்டுபவரே நினைவுகூர்பவராகவும் ஆனார்.

எல்லோருக்கும் முதல் கார் என்று விலையைக் குறைத்தால் மட்டும் போதுமா என்பதற்கும் விடை கிடைத்தது. மழையில் ஒரே ஸ்கூட்டரில் நனைந்துபோன குடும்பத்தைப் பார்த்துத் தோன்றிய எண்ணம் என்று சொல்லி, ரத்தன் டாடா 2008 ஜனவரியில் ஒரு லட்சம் ரூபாய் நானோவை அறிமுகப்படுத்தினார். 624 சி.சி.யில் நான்கு பேர் உட்கார்ந்து போகக்கூடிய, பொறியியல் நோக்கில் கெட்டிக்காரத்தனமான கார். ஆனால் மிக மலிவான கார் என்ற பெயர் அதன் கழுத்தில் தொங்கியது. அப்படி விற்றது பிழை என்று டாடாவே பின்னர் ஒப்புக்கொண்டார். பத்தாண்டில் உற்பத்தி நின்றது. எலுமிச்சம்பழம் வைத்து, தெருவே பார்க்க வாசலில் நிறுத்தப்போகும் பொருளை ஏழைக்கானது என்று சொல்லி விற்க முடியாது.

விடைபெறுதல்

சென்னை உட்பட 13 நகரங்களில் புது மாசுவிதி வந்ததால், 2010 ஏப்ரலில் அங்கெல்லாம் எண்ணூறின் விற்பனை நின்றது. 2014 ஜனவரியில் உற்பத்தியும் முடிந்தது. அதற்குள் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் வெளிவந்திருந்தன. அதே ஆண்டு மே மாதம் உத்தர்பாராவில் அம்பாசடரும் நின்றது.

சொந்தக் காருக்கான பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு சோதித்துப் புதுப்பிக்க வேண்டும். பல முதல் கார்கள் அந்தக் கட்டத்தில்தான் வீட்டைவிட்டுப் போகின்றன. சில காயலான் கடைக்கு. சில கோவை அவிநாசி சாலையில் 2015-இல் திறந்த ஜி.டி. கார் அருங்காட்சியகம் போன்ற இடங்களுக்கு. பழங்காரை வைத்துக்கொள்ள விரும்புவோருக்காக மத்திய அரசு 2021-இல் தனி விதி வகுத்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, உருமாற்றாத வண்டி அதன்படி பழமை வாகனம். புதிதாகப் பதிவு செய்யக் கட்டணம் 20,000 ரூபாய், எண் பலகையில் வி.ஏ. என்ற எழுத்துகள், அன்றாடம் ஓட்ட அனுமதி இல்லை. சாஸ்திரியின் 1964-ஆம் ஆண்டு ஃபியட்டின் வயது இந்தக் கணக்கில் தேறும். இந்திரா காந்தி சாவி கொடுத்த முதல் எண்ணூறு, அந்தத் தகுதிக்கு 2033 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டும்.